இரண்டாவது டில்லர்

கடத்தூரில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு காலத்தில் இரண்டு ஜோடி உழவு மாடுகள் நின்றன. இன்று அதே கொட்டகையில் மூன்று பழைய பவர் டில்லர்கள் நிற்கின்றன. இரண்டு ஓடும். மூன்றாவது, பாகம் கழற்றிக் கொடுத்தே எலும்பாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “ஓட்டறதுக்கு ஒண்ணு போதாதாங்க?”

தாத்தாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு ஜோடி ஏருக்கு, ஒரு ஜோடி கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்கு. கவலை இறைத்துக் களைத்த மாட்டை மறுநாள் ஏரில் பூட்ட மாட்டார். எந்த மாடு திருப்பத்தில் தயங்கும், எது நுகத்தடி வைக்கும் முன்பே கழுத்தை நீட்டும், எது இடப்பக்கம் கட்டினால்தான் நடக்கும் என்று இருட்டிலேயே சொல்வார். ஒரு ஜோடியோடு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று இருந்தால்தானே ஒன்றின் குணம் பிடிபடும்?

எங்கள் பக்கத்து உழவு மாறிய கதையை யாராவது கேட்டால் நான் ஒரு கணக்குச் சொல்வேன். மரக்கலப்பை ஒரு சாலுக்கு அரையடி அகலம் மண்ணைக் கிளறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க 26 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மாடும் நடக்கும், மேழியைப் பிடித்த ஆளும் நடப்பார். இரண்டடி அகலம் உழும் பவர் டில்லருக்கு அதே ஏக்கர் ஆறரை கிலோமீட்டர் நடை. இன்றைக்கு ஆறடி ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டர் இரண்டே கால் கிலோமீட்டரில் வேலையை முடித்துவிடுகிறது, அதுவும் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தபடி. நடுவில் வந்த அந்த ஆறரை கிலோமீட்டர் காலம்தான் என் காலம். மண்ணில் கால் வைத்து எஞ்சினுக்குப் பின்னால் நடந்த கடைசித் தலைமுறை நாங்கள்.

ஜப்பானின் சின்னச் சின்ன வயல்களில் ஓடிப் பழகிய இயந்திரம் இது. பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்து இங்கே அதைச் செய்தது. கேரள அரசின் காம்கோ 1973-இல் அத்தாணியில் தொடங்கப்பட்டு குபோட்டா டில்லரைச் செய்தது. வி.எஸ்.டி. பின்னால் சின்ன டிராக்டர் செய்த ஓசூர், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை எங்கள் தருமபுரி மாவட்டத்து ஊர்தான். உழும் பகுதியில் சுழலும் கத்திகள் இருக்கின்றனவே, அந்த யோசனை இன்னும் தூரத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-இல் தன் அப்பாவின் பண்ணையில் அதைச் சோதித்துப் பார்த்தார். கடத்தூர் ரொட்டவேட்டருக்கும் மூலம் அந்தப் பண்ணைதான்.

எங்கள் வீட்டுக்கு முதல் டில்லர் 80-களின் கடைசியில் வங்கிக் கடனில் வந்தது. மிட்சுபிஷி. அம்மா எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி மூடியில் குங்குமம் வைத்தார். அப்பா ஹேண்டிலைச் சுற்றினார், கிளம்பவில்லை. டில்லரைக் கிளப்புவது ஒரு தனிக் கைப்பழக்கம். சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் லீவரை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். அதை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். வேகம் ஏறியதும் லீவரை விட வேண்டும். அந்த ஒரு நொடி சரியாக அமைந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், கரும்புகை, அப்புறம் ஒரே தாளம். அப்பாவுக்கு அது அமைய ஒரு வாரம் ஆயிற்று. எனக்கு ஒரு மாதம்.

இன்னொரு பாடத்தை ஏரிக்கரை இறக்கத்தில் படித்தேன். கைப்பிடிக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு கிளட்ச் இருக்கும். சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு விசை நின்றுவிடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழ். விசை அறுந்த சக்கரம் தடையில்லாமல் உருண்டு முந்திக்கொள்ளும், வண்டி வலப்பக்கம் போகும். டிரெய்லரில் குச்சிக்கிழங்கு மூட்டைகளோடு இறங்கிய நான் அதை மறந்து இடது கிளட்சைப் பிடித்தேன். வண்டி நேராக முள்வேலிக்குள் போயிற்று. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இறக்கத்தில் கையை மாற்று என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது டில்லரை நான் தேடிப் போகவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் புளியமரத்தடியில் பழைய காம்கோ ஒன்று கிடந்தது. மறுநாள் எடைக்குப் போடுவதாக இருந்தார்கள். இரும்பு விலைக்கே கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வரவேற்பு இல்லை. “ஏங்க, இருக்கறதே போதாதா?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

பட்டறை மேஸ்திரியும் நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைப் பிரித்தோம். சிலிண்டரில் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. டீசலை ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். “தம்பி, அவசரப்பட்டா லைனர் போயிரும்,” என்பதைத் தவிர அந்த நாள் முழுக்க வேறு பேச்சில்லை. ரிங், ஆயில் சீல், கேஸ்கெட் மாற்றினோம். நாசிலைச் சேலத்துக்கு எடுத்துப் போய்ச் சோதித்தோம். ஐந்தாவது ஞாயிறு அது கிளம்பியது.

அன்றைக்குத்தான் என் பழைய மிட்சுபிஷியின் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், ஆனால் ஒப்பிட ஒன்று இல்லாததால் அது எனக்கு வெறும் எஞ்சின் சத்தமாகவே இருந்தது. காம்கோ நிதானமாக, அடிவயிற்றிலிருந்து பேசும். மிட்சுபிஷி கொஞ்சம் விரைவாக, மேல் தொண்டையில். காம்கோவின் எஞ்சின் 12 குதிரைத்திறன், இன்னொன்று 13. காகிதத்தில் ஒரு எண்தான் வித்தியாசம். கைப்பிடியில் வரும் அதிர்வு வேறு, திருப்பத்தில் கேட்கும் பலம் வேறு. ஒன்று ஈர மண்ணில் நிமிர்ந்து போகும். மற்றொன்றைத் தென்னைக்கு நடுவில் விட்டால் வேரில் இடிக்காமல் வளைக்கலாம். சேகரிப்பின் சந்தோஷம் எது என்று கேட்டால் எனக்கு இதுதான். கணக்குக்கு ஒன்று கூடுவதில் எனக்கு எதுவும் இல்லை. இரண்டாவது வந்த பிறகுதான் முதலாவதை அறிந்தேன்.

மூன்றாவதை மிட்சுபிஷிக்குப் பாகம் எடுக்கவென்றே வாங்கினேன். இன்றைக்குப் பழைய மாடலுக்கு ஒரு கியர் வேண்டுமென்றால் கடைகளில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். லேத்தில் கடைந்துதான் போட வேண்டும், இல்லையென்றால் இறந்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று கிடந்து மற்றொன்றை ஓட வைக்கிறது. கொட்டகையில் அதற்குத்தான் நல்ல இடம் கொடுத்திருக்கிறேன்.

பழைய வண்டிகளைச் சேர்க்கும் இந்த ஆசை கடத்தூரில் மட்டும் முளைத்தது அல்ல. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கென்றே சின்ன டிராக்டர்கள் செய்தார்கள். வீல் ஹார்ஸ் 1946-இல் தொடங்கியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது, 1963-இல் ஜான் டீர் 110 வந்தது. அந்த வண்டிகளை இன்றும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், துடைத்து வண்ணமடித்துக் கூடிக் காட்டுகிறார்கள். அதே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கைகோத்துத்தான் மகிந்திரா 1963-இல் நம் நாட்டில் டிராக்டர் செய்ய இறங்கியது. நம் ஊரில் கார், புல்லட் என்றால் பழையதைப் பாதுகாப்பதைப் புரிந்துகொள்கிறோம். நமக்குச் சோறு போட்ட வண்டிக்கு மட்டும் எடை விலைதான் தெரிகிறது. இது எனக்கு வருத்தம்.

இப்போதெல்லாம் ஆடிப்பட்டத்துக்கு மழை பெய்த மறுநாள் கடத்தூர்ச் சாலையில் பெரிய டிராக்டர்கள் வரிசையாக வருகின்றன. மணிக் கணக்கில் வாடகை, போன் செய்தால் போதும். பெங்களூரு, திருப்பூர் என்று பிள்ளைகள் வேலைக்குப் போன வீடுகளில் உழவு நடப்பதே அவற்றால்தான். அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வரப்பு ஒடுங்கிய கால் ஏக்கர் மஞ்சள் காட்டுக்குள்ளும் மரத்தடியிலும் பெரிய வண்டி நுழையாது. அப்போது எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வருகிறது. எதை எடுத்துப் போகலாம் என்று மண்ணைக் கேட்டுச் சொல்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஹேண்டில் சுற்றிப் பார்க்கவே வருகிறார்கள். முதலில் கட்டைவிரலைத்தான் சரிசெய்து விடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பின்னாலும் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் தகட்டில் இருக்கும் எஞ்சின் நம்பரை எழுதி வையுங்கள். யார், எந்த வருடம், எந்த விளைச்சலில் வாங்கினார் என்று பெரியவர்களிடம் கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, நான்கு நாள் கழித்துக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அப்போதும் வேண்டாம் என்றால் சொல்லி அனுப்புங்கள். நான்கு மாடு நின்ற கொட்டகை இது, இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது.