பலகைக் கணினியும் அது விழித்தெழும் முறையும்

சாயத் தொட்டியின் சூட்டை அளக்கவும், விதைக் கிடங்கின் ஈரத்தைக் கவனிக்கவும், நீர் இறைக்கும் மோட்டாரை வேளையறிந்து ஓட்டவும் இக்காலத்தில் சிறு கணினிப் பெட்டிகள் வந்துவிட்டன. அவை ஓடும் வரையில் எவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் நின்றுவிட்டால்தான் கவலை பிறக்கிறது. "பெட்டி போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லுகிறார். நிர்வாகக் குழுவும் தீர்மானம் நிறைவேற்றுகிறது. அங்கத்தினர்களின் பணம் வெளியே போகிறது. உண்மையிலேயே பெட்டி போயிற்றா, அன்றி அதனுள் இருக்கும் சிறு கார்டு மட்டும் கெட்டதா என்று கேட்பார் இல்லை.

ஜக்கார்டுத் தறியில் நாம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு 1804 ஆம் ஆண்டில் அமைத்த அந்தப் பொறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. கொக்கி எழுந்து பாவிழையைத் தூக்குகிறது. பூவேலை அட்டையில் இருக்கிறதே தவிரப் பெட்டியில் இல்லை. அட்டைக்கோவை அறுந்தால் அதைக் கோத்துக்கொள்கிறோம். பெட்டியைத் தூக்கி எறிவதில்லை. கணினிப் பலகையும் இத்தகையதே. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. கார்டில் எழுதியிருப்பதை வரிசைப்படி செய்கிறது. அவ்வரிசையை அறிந்தவர், அது எவ்விடத்தில் அறுந்தது என்பதையும் அறிவார். அந்த அறிவை அங்கத்தினர்க்கு அளிப்பதே நமது நோக்கம்.

பலகை

உதாரணமாக, 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். இதன் சுற்றுப் படங்கள் யாவருக்கும் வெளியிடப்பட்டுள்ளமையால் கற்பதற்கு ஏற்றது. ஏறத்தாழ 86 மில்லிமீட்டர் நீளமும் 53 மில்லிமீட்டர் அகலமும் உடையது, உள்ளங்கையில் அடங்கும். ஏ.எம். 3358 என்னும் செயலியும், 512 மெகாபைட் நினைவகமும், மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பகமும் இந்த ஒரே பலகையின்மீது அமைந்துள்ளன. மைக்ரோ எஸ்.டி. கார்டு செருகவும் இடம் உண்டு. இதன் தொழிற்சாலை வகை, உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலிருந்து மேலே 85 பாகை சென்டிகிரேடு வரை தாங்குமாறு செய்யப்பட்டது.

பலகையை ஆளும் நிரல் லினக்ஸ். பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் இதனைத் தொடங்கினார். 1992 முதல் இது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டு வருகிறது. எவரும் கட்டணமின்றிப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும் உடன் வழங்கக் கடமைப்பட்டவர். பலர் உழைப்பைப் பலருக்கும் பொதுவாக்கும் இவ்விதி கூட்டுறவாளர்க்குப் புதிதன்று.

கார்டு தயாரித்தல்

டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு இப்பலகைக்கென ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதை மேசைக் கணினியில் இறக்கிக்கொண்டவுடன், வெளியிட்டோர் அறிவித்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஓரெழுத்து வேறுபட்டாலும் அக்கோப்பைத் தள்ளிவிடுக. சரியாயிருப்பின், எட்சர் போன்ற எழுதும் நிரலைக் கொண்டு 8 கிகாபைட் கார்டில் எழுதலாம். கோப்பைச் சாதாரணமாகக் கார்டில் நகல் எடுத்து வைத்தால் பயனில்லை. எழுதும் நிரலே அதைக் கார்டின் முதலிலிருந்து உரிய முறையில் பரப்ப வல்லது. எழுதுமுன் எந்த வட்டைத் தேர்ந்தோம் என்று இருமுறை பார்க்க வேண்டும். தவறிச் சங்கக் கணக்கு இருக்கும் வட்டைத் தேர்ந்தால் கணக்கு முழுவதும் அழிந்துபோகும்.

பேசும் கம்பி

பலகைக்குத் திரை தேவையில்லை. ஆயினும் அது விழித்தெழும்போது என்ன சொல்லுகிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும். அதற்கென ஜே 1 என்னும் ஆறு முள் வரிசை பலகையில் உண்டு. முதலாம் முள் தரை. நான்காவது பலகை கேட்கும் முள். ஐந்தாவது பலகை பேசும் முள். மேசைக் கணினியின் யு.எஸ்.பி. வாயிலில் செருகும் சீரியல் கம்பியை இவற்றில் இணைக்க வேண்டும். அக்கம்பி 3.3 வோல்ட் வகையாக இருத்தல் அவசியம். 5 வோல்ட் வகை பலகையைக் கெடுக்கும். கம்பியின் பேசும் முனை பலகையின் கேட்கும் முள்ளிலும், கம்பியின் கேட்கும் முனை பலகையின் பேசும் முள்ளிலும் சேர வேண்டும். நாமும் முதன்முறை பேசுவதைப் பேசுவதோடு இணைத்துவிட்டு, வெற்றுத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வேகம் விநாடிக்கு 1,15,200 என்று மேசைக் கணினியில் குறிக்க வேண்டும்.

மின்சாரம் 5 வோல்ட். 2 ஆம்பியர் தரும் அடாப்டர் போதும். அதே பருமனுள்ள முனையோடு 12 வோல்ட் அடாப்டர்களும் கடைகளில் உண்டு. ஆகையால் மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்காமல் செருகலாகாது.

ஐந்து படிகள்

பாவு ஓடி, கஞ்சியிட்டு, அச்சுப் பிணைத்த பின்னரே நாடா ஓடுகிறது. பலகையும் ஐந்து படிகளைக் கடந்த பின்னரே வேலைக்கு வருகிறது.

முதற்படி, செயலியின் உள்ளேயே ஆலையில் பதித்த ராம் அன்று, ராம் எனப்படும் நினைவகத்திற்கு மாறான ரோம் என்னும் நிலையான நிரல். இதை எவரும் மாற்ற இயலாது. அடுத்த நிரல் எங்கே இருக்கிறது என்று தேடுவதே இதன் வேலை. வழக்கமாக முதலில் பலகையின் சொந்தச் சேமிப்பகத்திலும், அடுத்து மைக்ரோ எஸ்.டி. கார்டிலும், அதன்பின் சீரியல் கம்பியிலும், இறுதியாக யு.எஸ்.பி. வழியிலும் தேடும். கார்டு இருக்கும் இடத்தை அடுத்துள்ள எஸ் 2 பொத்தானை அழுத்தியவாறு மின்சாரம் கொடுத்தால், சொந்தச் சேமிப்பகத்தை விட்டுவிட்டுக் கார்டை நாடும். மின்சாரம் வரும் கணத்தில்தான் அப்பொத்தான் கவனிக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்திப் பயனில்லை.

இரண்டாம் படி, எம்.எல்.ஓ. என்னும் சிறு நிரல். இந்நேரத்தில் 512 மெகாபைட் நினைவகம் இன்னும் உறக்கத்தில் இருக்கிறது. செயலியின் உள்ளே இருக்கும் சிறிய இடத்தில் அடங்க வேண்டியிருப்பதால், இந்நிரல் 109 கிலோபைட்டுக்கு மேற்படலாகாது. பெரிய நினைவகத்தை எழுப்பிவிடுவதே இதன் தலையாய கடமை.

மூன்றாம் படி, யு-பூட் என்னும் ஏற்றும் நிரல். இது எழுந்த நினைவகத்தில் விரிவாக அமர்ந்து, லினக்ஸின் கருவாகிய கெர்னலையும், டிவைஸ் ட்ரீ என்னும் பட்டியலையும் கார்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. இப்பலகையில் எந்த உறுப்பு எந்த முள்ளில் இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் கிராமக் கணக்குப் போன்றது அப்பட்டியல்.

நான்காம் படி, கெர்னல். இது பட்டியலைப் படித்து, ஒவ்வோர் உறுப்பையும் எழுப்பி, கார்டில் உள்ள கோப்புகளின் மூலத்தைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருகிறது.

ஐந்தாம் படி, சிஸ்டம்-டி என்னும் முதல் ஊழியன். வலைத் தொடர்பு, பதிவேடு, நாம் எழுதிவைத்த சூடளக்கும் நிரல் ஆகிய யாவற்றையும் இதுவே தொடங்கிவைக்கிறது. இறுதியில் திரையில் பயனர் பெயரைக் கேட்கும் வரி தோன்றும். பலகையின் நான்கு சிறு விளக்குகளில் ஒன்று இதயம் துடிப்பதுபோல் இரண்டிரண்டாக மின்னும். பலகை விழித்துவிட்டது.

எவ்விடத்தில் நின்றது?

இனிப் பழுதைக் காண்பது எளிது. அடாப்டர் முனையை அடுத்துள்ள நீல விளக்கே எரியாவிட்டால், மின்சாரத்தையும் அடாப்டரையும் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தும் திரையில் ஓரெழுத்தும் வராவிட்டால், சீரியல் கம்பி மாறியிருக்கலாம், வேகம் தவறியிருக்கலாம். ஆங்கில எழுத்தாகிய 'சி' ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால், முதற்படி நிரல் எங்கும் எதையும் காணாமல், கம்பி வழியாகவேனும் தருமாறு கேட்கிறது என்பது பொருள். பலகை நலமே, கார்டுதான் கெட்டது, அல்லது சரியாக எழுதப்படவில்லை. யு-பூட்டின் வரிகள் வந்து நின்றால், கெர்னல் கோப்போ பட்டியலோ கிடைக்கவில்லை. கெர்னலின் வரிகள் மளமளவென்று ஓடி, மூலக் கோப்பமைப்பை ஏற்ற இயலவில்லை என்று முடிந்தால், கார்டின் அப்பகுதி சிதைந்தது. பயனர் பெயர் கேட்டும் வேலை நடைபெறாவிட்டால், குற்றம் நமது சொந்த நிரலில் உள்ளது. இந்நிலைகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு புதிய கார்டே மருந்து.

மேசைமீது ஒழுங்காக எழும் பலகை, சுவர்ப்பெட்டியில் பொருத்தியதும் எழாமற் போவதும் உண்டு. முதற்படி நிரல் தேடவேண்டிய வரிசையை, பி 8 முள்வரிசையில் 31 முதல் 46 வரையுள்ள முட்களின் மின்னிலையைக் கொண்டே தெரிந்துகொள்கிறது. அம்முட்களில் நமது கருவி எதையேனும் இணைத்து அது மின்னிலையை இழுத்தால், வரிசை குழம்பிவிடும். கருவிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஜாக்கிரதை வேண்டிய இடங்கள்

பலகையின் முட்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். சூடளக்கும் கருவியை இணைக்கும் அனலாக் முட்கள் ஏழும் 1.8 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. மோட்டாரையும் கொதிகலனையும் நேரே இணைக்க எண்ணவே கூடாது. இடையே உரிய ரிலே வேண்டும். 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்குவது கார்டுக்குப் பெரும் பகை. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்துபோகும். அணைக்க வேண்டுமாயின் 'பவர்ஆஃப்' என்னும் கட்டளையிட்டு, விளக்குகள் அணைந்த பின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர்களில் சிறு பாட்டரியொன்றை இடையில் வைப்பது, ஆண்டுதோறும் கார்டு மாற்றுவதினும் சிக்கனம்.

மற்றொன்றும் உண்டு. இப்பலகையின் கடிகாரத்துக்குச் சொந்த பாட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால், வலைத் தொடர்பில்லாத இடத்தில் தேதி தவறிவிடும். கிடங்கின் ஈரப் பதிவேட்டில் தேதி தவறினால், விதை எந்த நாளில் கெட்டது என்பதை எவரும் நிறுவ இயலாது. ஆதலின் பாட்டரியுடன் கூடிய தனிக் கடிகாரச் சில்லைச் சேர்த்துக்கொள்வது நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

செலவு அதிகமில்லாத நான்கு காரியங்களைச் சிபாரிசு செய்கிறோம். நன்றாக ஓடும் நிலையிலேயே கார்டின் நகல் ஒன்றை எடுத்து, தேதியிட்ட உறையில் காரியதரிசியின் பெட்டியில் வைக்கவேண்டும். ஒரு 3.3 வோல்ட் சீரியல் கம்பியைச் சங்கத்தில் வைத்திருக்கவேண்டும். பலகை சரியாக விழித்தெழும்போது திரையில் வரும் வரிகளை அச்சிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டவேண்டும். பழுது நேரும்போது அவற்றோடு ஒப்பிட்டால் நின்ற இடம் தெரியும். இளம் அங்கத்தினர் இருவரையேனும் இவ்வேலையில் பழக்கவேண்டும். ஒருவர் வெளியூர் சென்றாலும் மற்றவர் இருப்பார்.

பெட்டி விற்போரிடமும் வாங்குமுன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "கார்டின் நகலையும் கடவுச்சொல்லையும் எங்களிடம் தருவீர்களா?" தர மறுப்போரிடம் வாங்கிய பெட்டி, சங்கத்தின் சுவரில் தொங்கினாலும் சங்கத்தின் உடைமையாகாது. இக்கேள்வியை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே எழுப்புமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.