புதுக் கார்டு போட்ட கணினி ஏன் அணைந்து அணைந்து எழுகிறது?

“கிராபிக்ஸ் கார்டு மாத்தினதிலேருந்து கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுது, வைரஸா சார்?” என்று சங்கத்து அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கடைக்காரரோ ஃபார்மேட் பண்ணிடலாம் என்பார். ஊர்க் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன! கொஞ்சம் பொறுங்கள்.

என் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் தருவது அதிகபட்சம் 75 வாட். பெரிய கார்டு மீதியைத் தனி ஒயரில் எஸ்.எம்.பி.எஸ்.ஸிடமிருந்து இழுக்கும். மலிவானதில் 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும் அந்த ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை. பிள்ளைகள் கேம் ஆடும்போது 12 வோல்ட் 11.4-க்கும் கீழே இறங்கினால் கணினி படுத்துவிடும்.

விண்டோஸ் வேறு, பிழை வந்தால் நீலத்திரையை நிறுத்திக் காட்டாமல் தானே மறுபடி தொடங்கும். ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’யில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு நீலத்திரை நின்றால் பெரும்பாலும் டிரைவர் அல்லது ராம். ராமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். திரையே வராமல் சட்டென்று இருண்டால் மின்சாரம், இல்லையேல் சூடு. ஃபார்மேட் இதற்கு மருந்தல்ல.

முதலில் போட்டோக்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். அப்புறம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.