எர்ரர் கோடு வந்துவிட்டது, கோளாறு எங்கே?

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டிக்கு பிக்கப் இல்லை, சிக்னலில் நின்றால் உதறுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பானெட்டைத் திறக்கும் முன்பே ஸ்கேனரைச் செருகுகிறார்கள். "சென்சார் போயிருக்கு சார், மாத்திடலாம்." மாற்றுகிறோம். பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. இது பலருக்கும் நேர்வதுதான். காரணம் தெரிந்தால் பணம் மிச்சமாகும்.

ஸ்கேனரைச் செருகும், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட் மெக்கானிக்கின் வசதிக்காக வந்ததல்ல, புகையைக் கட்டுப்படுத்த வந்தது. வண்டி அளவுக்கு மீறி மாசு கக்கினால் தானே கண்டுபிடித்து ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்பது சட்டம். இப்படி வண்டி தன்னைத்தானே கண்காணிக்கும் முறைக்கு ஓபிடி என்று பெயர். இப்போதுள்ள ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. புகைக்காக வந்த முறை என்பதால்தான் சாதாரண ஸ்கேனர் என்ஜினையும் புகையையும் பற்றி நிறையப் பேசும். ஏர்பேக், ஏபிஎஸ், ஏசி என்று போனால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் ஸ்கேனரோ அதற்கு ஈடான விலையுயர்ந்த கருவியோ வேண்டும்.

கோடு சொல்வது என்ன?

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். 'பி' என்றால் என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்து வரும் 0, எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு என்பதைக் காட்டுகிறது. மொத்தத்தில் இதன் பொருள், என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது.

இந்த முடிவுக்கு என்ஜினின் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், எப்படி வந்தது? சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கொடுத்த தகவலை வைத்து. உடனே 'ஆக்சிஜன் சென்சாரை மாத்து' என்பது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை மாற்றுவது போல. காற்றுக் குழாயில் விரிசல், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப், அடைத்துக்கொண்ட ஃபில்டர் என எது இருந்தாலும் இதே கோடு வரும்.

நல்ல மெக்கானிக் இங்கே லைவ் டேட்டாவைத் திறப்பார். அதில் ஃப்யூவல் ட்ரிம் என்று ஒரு கணக்கு ஓடும். ஈசிஎம் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பது அதில் தெரியும். ஐடிலிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்து, ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் அது இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். மாறாக, மேட்டில் ஏறும்போது அது கூடிக்கொண்டே போனால் பம்ப் பக்கமோ ஃபில்டர் பக்கமோ பார்க்க வேண்டும். கோடு ஒன்றுதான், வழி இரண்டாகப் பிரிகிறது.

இன்னொரு கோடு பி0301. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடியும் பி0301 என்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். இந்தச் சோதனைக்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை.

ஸ்கேனருக்குத் தெரியாதவை

வீல் பேரிங் ஊளையிடுவதும், சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து 'கடகட' என்பதும் ஸ்கேனருக்குக் கேட்காது. எர்த் ஒயர் துருப்பிடித்தாலோ பேட்டரி பலவீனமானாலோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழெட்டு கோடுகள் ஒரே நேரத்தில் வரிசைகட்டும். ஏழெட்டு பொருள் பழுது என்று அதற்கு அர்த்தமல்ல. முதலில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த மெக்கானிக்கும் சில நேரம் நேரே பொருளை மாற்றுவது ஏன்? சோதித்துப் பார்க்க அரை நாள் ஆகும். அதற்குக் கூலி கேட்டால், "மிஷின்ல பார்த்ததுக்கா இவ்வளவு?" என்று நாம் முறைப்போம். புதுப் பொருளுக்கு என்றால் பில்லைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். குறுக்குவழியில் நமக்கும் பங்கு இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். மேற்கொண்டு ஓட்டாதீர்கள். விளக்கு மின்னாமல் எரிந்தால் பதற்றம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கோடை அழிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் என்ன வேகம், எவ்வளவு சூடு என்பதும் ஈசிஎம்மில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பொருளை மாற்றச் சொன்னால், "அதுதான் பழுது என்று எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். சோதித்ததற்கு அவர் கேட்கும் கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.