பறிபோன பிள்ளைப் பருவம்

சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளிற் போரைப் பேசலாமா? பிஞ்சு நெஞ்சங்களைக் குருதியும் புகையும் படிந்த செய்திகளாற் கலக்குதல் தகாது என்பர் சிலர். இக்கூற்றிற் பரிவு உண்டு. ஆயினும் இது முழு உண்மையாகாது. போர் எவருடைய வயதையும் விசாரித்து வீட்டினுள் நுழைவதில்லை.

1956ஆம் ஆண்டில் இயன் செரயிலியர் என்னும் ஆங்கிலேயப் பாடசாலை ஆசிரியர் ‘வெள்ளி வாள்’ என்ற நாவலை வெளியிட்டார். வார்சோ நகரிலே, வகுப்பறையில் ஹிட்லரின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தமைக்காகத் தலைமையாசிரியர் ஒருவர் சிறைப்படுகிறார். பின்னர் ஓரிரவில் அவர் மனைவியையும் படையினர் கொண்டுசெல்ல, வீடும் தகர்க்கப்படுகிறது. 13 வயதுகூட நிரம்பாத ரூத், தம்பி எடெக்குடனும் 3 வயதுத் தங்கை புரோனியாவுடனும் கூரைகளின் மேலாகத் தப்பி, இடிபாடுகளிடையே ஒரு நிலவறையிற் குடிபுகுகிறாள். அன்று தொட்டு அவளே தாய், அவளே ஆசிரியை. அந்நிலவறையில் ஏனைய பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பள்ளியே நடத்துகிறாள். தந்தையிடமிருந்து சிறிய வாள் வடிவான கடிதவெட்டியைப் பெற்றிருந்த ஜான் என்னும் அநாதைச் சிறுவன் மூலம், அவர் சுவிற்சர்லாந்து நோக்கிச் சென்ற செய்தி அவர்களுக்கு எட்டுகிறது. 1945இல், காசநோயால் நலிந்த எடெக்கையும் அழைத்துக்கொண்டு நால்வரும் அங்கு போய்ச் சேர்கின்றனர்.

கதையின் உயிர்நிலை இதற்குப் பின்னரே உள்ளது. வழிநெடுக மற்றவர்க்குத் தூணாய் நின்ற ரூத், தாயைக் கண்டபின் சிறு குழந்தையாகி விடுகிறாள். தாயைப் பற்றிக்கொண்டு அவர் போகுமிடமெல்லாம் தொடர்கிறாள். பறிபோன பிள்ளைப் பருவத்தை ஆசிரியர் அவளுக்குச் சிறிது காலமேனும் மீட்டுக் கொடுக்கிறார்.

1971இல் ஜூடித் கெர் எழுதிய ‘ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது’ என்ற நூலிற் குண்டுகள் வெடிப்பதில்லை. 1933இல் பேர்லினை விட்டு வெளியேறும் 9 வயது அன்னா, ஒரேயொரு விளையாட்டுப் பொம்மையையே கொண்டுசெல்லலாம். விரைவில் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையிற் புதிய நாய்ப்பொம்மையை எடுத்துக்கொண்டு, பழகிய முயலை விட்டுச் செல்கிறாள். அத்தவற்றை அவளால் என்றும் திருத்த முடிவதில்லை.

1975இல் றொபேட் வெஸ்ரோல் எழுதி, கார்னெகி பதக்கம் பெற்ற ‘இயந்திரத் துப்பாக்கிக்காரர்’ இன்னும் கடுமையானது. வீழ்ந்த ஜேர்மன் விமானத்திலிருந்து துப்பாக்கியைக் கவர்ந்த ஆங்கிலச் சிறுவர்கள், பெரியோரறியாது கோட்டை அமைக்கின்றனர். கையிற் சிக்கிய பகை வீரன் மெல்ல நண்பனாகிறான். ஈற்றில் அவர்களது குண்டே அவனைத் துளைக்கிறது. விளையாட்டு எங்கே முடிந்தது, போர் எங்கே தொடங்கிற்று என்று பிள்ளைகளாற் சொல்ல இயலவில்லை.

நம் நாட்டிலும் 2009இல் முடிவுற்ற போரினூடே வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். தம்பி தங்கையரைச் சுமந்த பிள்ளையைப் ‘பொறுப்பானவள்’ எனப் போற்றுதல் நமக்கு எளிது. அப்புகழ்ச்சியால் அவள் இழந்தது மறைந்துபோகலாகாது. அவளைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகள் அவளது துணிவைப் பாடுவதோடு நில்லாது, அச்சமின்றி அழுவதற்கும் அவளுக்கு ஓரிடம் தரவேண்டும்.