முக்கோணத்துக்கு 60 இல்லை, 120: ஆட்டோகேடில் கோணக் கோடுகள்

ஆட்டோகேடில் 100 மிமீ பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரையணும்னு வைங்க. லைன் கமாண்ட் கொடுத்து, முதல் கோட்டை கிடைமட்டமா வலப்பக்கம் போட்டாச்சு. மூலை 60 டிகிரிதானேன்னு அடுத்து @100<60 அடிச்சா, கோடு உள்ளே மடங்காம வெளியே ஏறிப் போயிடும். லேபில் முதல் வாரம் பாதி ஸ்க்ரீன்ல இந்தக் காட்சிதான்!

காரணம் எளிமையானது. நோட்டுல வரையும்போது, ஏற்கனவே இருக்கிற கோட்டு மேல ப்ரொட்ராக்டரை வெச்சு அளப்போம். ஆட்டோகேட் அப்படி அளக்கறதில்லை. முந்தைய கோடு எந்தப் பக்கம் போனாலும், ஒவ்வொரு கோணத்தையும் திரையோட வலப்பக்கத்தில் இருந்தே எண்ணும், அதுவும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். மணி 3 இருக்கிற இடம் 0, 12 மணி 90, 9 மணி 180, 6 மணி 270. ஆக, நீங்க டைப் பண்றது மூலையோட அளவு இல்லை, கோடு போக வேண்டிய திசை.

அந்த முக்கோணத்து ஓரமா நீங்களே நடந்து போறதா நினைச்சுப் பாருங்க. மூலை வந்ததும் எவ்வளவு திரும்பணும்? 180-ல் 60 போக 120. அதனால @100<0, @100<120, @100<240. ஐங்கோணத்துக்கு 360-ஐ 5-ஆல் வகுத்தா 72. திசைகள் 0, 72, 144, 216, 288. இது பிடிபட்டுச்சுன்னா எந்த உருவத்துக்கும் மனப்பாடம் தேவையில்லை.

@ குறிக்கு "கடைசிப் புள்ளியில இருந்து"ன்னு அர்த்தம். எஃப்12 அழுத்தி டைனமிக் இன்புட் ஆன்ல வெச்சிருந்தா, இரண்டாவது புள்ளியில இருந்து @ இல்லாமலே அது அப்படித்தான் எடுத்துக்கும். ஆஃப்ல இருக்கும்போது @ விட்டுப்போனா, கோடு ஒரிஜினை வெச்சு எங்கேயோ போய் நிக்கும். டைனமிக் இன்புட்ல நீளம் அடிச்சு, டேப் அழுத்தி, கோணமும் கொடுக்கலாம். ஆனா அந்தப் பெட்டி 180-க்கு மேல காட்டாது. கோடு மேலேயா கீழேயான்னு கர்சர் இருக்கிற பக்கம்தான் முடிவு பண்ணும்.

நீளம் தெரியாது, கோணம் மட்டும் தெரியும்னா <37 மட்டும் அடிச்சு என்டர் கொடுங்க. கோடு அந்தத் திசையிலேயே பூட்டிக்கும், நீளத்தை அப்புறம் சொல்லலாம். இவ்வளவு உதவியான விஷயத்தை ஏனோ யாரும் சொல்லித் தர்றதில்லை. ஒரே கோணம் திரும்பத் திரும்ப வந்தா எஃப்10 போலார் டிராக்கிங் வசதி. அதோட செட்டிங்ஸ்ல "ரிலேட்டிவ் டு லாஸ்ட் செக்மென்ட்" தேர்ந்தெடுத்தா, முந்தைய கோட்டை வெச்சே கோணத்தை எண்ணும்.

சிவில் நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. சர்வேயில் முழுவட்ட பேரிங் வடக்கில் தொடங்கி கடிகாரத் திசையில் போகும். அதனால 90-ல் இருந்து பேரிங்கைக் கழிச்சுப் போடுங்க: பேரிங் 120-ன்னா கோணம் -30. டிராவர்ஸ் முழுசா வரையணும்னா, யூனிட்ஸ்ல திசையை வடக்குன்னு மாத்தி, க்ளாக்வைஸ் டிக் பண்ணிடுங்க. வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்த மறக்காதீங்க, அடுத்து அதே ஃபைல்ல வரையறவர் பாவம்.

எதுவும் டைப் பண்ணாம, போலாரும் இல்லாம, கண்ணளவுல க்ளிக் பண்றதுதான் உண்மையில ஆபத்து. டைமென்ஷன் ஸ்டைல்ல கோணத்தோட பிரிசிஷன் 0-ன்னு இருந்தா, 29.7 டிகிரி கோட்டுக்கும் 30°-ன்னே எழுதும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆனா 100 மிமீ கோட்டோட முனை அரை மிமீ தள்ளி நிக்கும். 2 மீட்டர் கோட்டில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல. ஷீட் மெட்டல் வெட்டறவருக்கு அது பெரிய அளவு. கடைசிக் கோட்டை ஸ்னாப் பண்ணி மூடிட்டா படம் சரியாத்தான் தெரியும், பிழை மட்டும் கடைசி மூலையில ஒளிஞ்சுக்கும்.

சரிபார்க்க, யூனிட்ஸ்ல ஆங்கிள் பிரிசிஷனை இரண்டு தசமத்துக்கு ஏத்திட்டு, கோட்டைத் தேர்ந்தெடுத்து லிஸ்ட் கொடுங்க. மேலே சொன்ன முக்கோணத்தில் மூணாவது கோட்டை டைப் பண்ணாம க்ளோஸ் கொடுத்து மூடிட்டு, அதோட கோணத்தைப் பாருங்க. 240.00 வந்தா முதல் இரண்டு கோடும் சரி.