பச்சிளஞ் சிசுவும் மருத்துவமாதின் கையும்: மன்னார்க் கரையோரத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

ஒரு சமூகத்தில் உழைப்பு யாரிடம் உள்ளது, அறிவு யாரிடம் உள்ளது என்னும் வினா மருத்துவத் துறைக்கும் பொருந்துவதாகும். பிறந்த சிசுவை முதலில் ஏந்துவது மருத்துவமாதின் கை. ஆயின் அச்சிசுவின் உடலைப் பரிசோதித்து முடிவு கூறும் அதிகாரம் நெடுங்காலம் வைத்தியருக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. கைக்கும் அறிவுக்கும் இடையிலான இப்பிரிவினை இயற்கையானதன்று, வரலாற்றில் உருவானது. மருத்துவமாதருக்கும் தாதியருக்கும் சிசுப் பரிசோதனையைப் பயிற்றுவிப்பது பற்றி நாம் பேசும்போது, அப்பிரிவினை கலையுமா என்பதே அடிப்படை வினாவாகும்.

தமிழ்ச் சமூகத்தில் பேறு பார்த்தல் சாதியமைப்போடு பிணைந்த தொழிலாக இருந்தது. தமிழகத்தின் பல பகுதிகளில் நாவிதர் குலப் பெண்களே மருத்துவச்சியராயினர். குருதியும் நஞ்சுக்கொடியும் தீட்டெனக் கொள்ளப்பட்டமையால் அவற்றைத் தொட்ட கையும் தாழ்த்தப்பட்டது. அக்கை திரட்டிய அனுபவ அறிவு ஏட்டில் ஏறவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூலொன்றை 1857இல் தமிழில் வெளியிட்டார். தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியும் என்பதை நிறுவிய முயற்சிகளுள் அது ஒன்று. எனினும் அவரிடம் மருத்துவம் பயின்றோர் ஆடவரே. நூல் தமிழுக்கு வந்தது. பேறு பார்த்தவளின் கைக்கு வரவில்லை. 1898இல் இணுவிலில் நிறுவப்பட்ட மக்லியோட் வைத்தியசாலை பெண்களைத் தாதியராகவும் மருத்துவமாதராகவும் பயிற்றியபோதே இவ்விடைவெளி ஓரளவு குறையலாயிற்று.

கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ விடுதி தோன்றியது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அதன்பின் மருத்துவமாது வைத்தியசாலைக்கு வெளியே, கிராமத்து வீடுகளுக்குச் செல்லும் அரச ஊழியரானார். மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 1950இல் அத்தொகை 82 ஆகக் குறைந்தது. இன்று பத்துக்கும் குறைவு. இதனை டிடிடி தெளிப்பின் விளைவாக மட்டும் காண்போர் உளர். இலவசக் கல்வி, உணவு மானியம், இலவச வைத்தியம், வீடுதோறும் சென்ற மருத்துவமாதின் உழைப்பு ஆகியவற்றை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று எஞ்சியுள்ள சிசு மரணங்களுட் பெரும்பாலானவை முதல் 28 நாட்களுள் நிகழ்பவை. குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடுகளும் அவற்றின் முக்கிய காரணங்கள். தூய கத்தியும் ஏற்புவலித் தடுப்பூசியும் முந்திய கட்டத்தின் வெற்றிகள். இப்போதைய கட்டம் வேண்டுவது நுணுகிக் காணும் கண்ணையும் உணரும் விரலையுமாகும்.

பரிசோதனை உச்சியில் தொடங்கி உள்ளங்காலில் முடிவது. உச்சிக்குழி புடைத்துள்ளதா, குழிந்துள்ளதா? ஒளி பாய்ச்சும்போது கண்மணி செந்நிறமாகத் தெரிகின்றதா? தெரியாவிடின் கண்புரை முதலியவற்றை ஐயுற வேண்டும். அண்ணப் பிளவை விரலால் மட்டுமன்றிக் கண்ணாலும் பார்த்தே அறிதல் வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டால் அது அபாய அறிகுறி. நெஞ்சில் இதய ஒலி கேட்பதோடு, கவட்டில் நாடி இருபுறமும் துடிக்கின்றதா எனவும் தொட்டறிதல் வேண்டும். இடுப்பு மூட்டு நழுவுகின்றதா என்பதை அறிய ஒட்டொலானி 1937இலும் பார்லோ 1962இலும் விவரித்த முறைகள் விலையுயர்ந்த கருவி எதனையும் வேண்டுவன அல்ல. பழகிய கை போதும். பிறந்து 24 மணித்தியாலத்துள் தோன்றும் மஞ்சள் நிறம் நோய்க்குறியே. கருநிறத் தோலில் அம்மஞ்சளும், ஒட்சிசன் குறைவால் வரும் நீலமும் எளிதிற் புலப்படா. ஈறு, நாக்கு, கண்வெண்மை ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். வெண்ணிறச் சிசுவை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட பாடநூலை அப்படியே ஒப்புவிக்கும் பயிற்சி இங்குப் போதாது.

ஒருமுறை பரிசோதித்தலும் போதாது. கருவில் இருக்கையில் குருதிக்கு மாற்றுவழியாக அமையும் நாளமொன்று பிறந்தபின் சில நாட்களில் மூடிக்கொள்ளும். அதன் பின்னரே வெளிப்படும் இதயக் குறைபாடுகள் உண்டு. வைத்தியசாலையில் நலமெனக் கண்ட சிசு வீட்டில் பால் குடியாது சோரக்கூடும். அவ்வேளையில் வாசலுக்கு வருபவர் வைத்தியரல்லர், மருத்துவமாதே.

மன்னாரில் இவ்வுண்மை கூர்மை பெறுகின்றது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். சிசுவுக்கு இதயச் சத்திரசிகிச்சை தேவைப்படின் முந்நூறு கிலோமீற்றர் அளவிலுள்ள கொழும்பை நாட வேண்டும். மீன்பிடிக் குடும்பங்கள் பருவத்துக்கேற்ப வாடிகளுக்குப் பெயர்வன. பதிவேட்டில் ஓரூரில் உள்ள தாய் வேறோரூரில் இருப்பாள். தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1990இல் போரில் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இலேயே திறக்கப்பட்டது. அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி முதலிய ஊர்கள் வெறுமையாயின. மக்கள் சிதறும்போது சிசுவின் தொடர் கண்காணிப்பும் அறுபடுகின்றது. நோய்க்குறியைக் காலத்தில் இனங்காண்பதன் பெறுமதி தூரத்தோடு பெருகுவது. கொழும்பில் ஒரு மணித்தியாலத் தாமதமாவது இங்கு ஒரு நாட் தாமதமாகலாம்.

மருத்துவமாது இதனைச் செய்ய வல்லவரா என ஐயுறுவோருக்குப் பிரித்தானிய அனுபவம் விடை தருகின்றது. அங்கு 2004இல் வெளியான ஆய்வொன்று, பயிற்சி பெற்ற மருத்துவமாதரின் பரிசோதனை இளநிலை வைத்தியர்களின் பரிசோதனைக்குத் தாழ்ந்ததன்று எனக் கண்டது. தாய்மாரும் அதிக நிறைவு தெரிவித்தனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்பின் வைத்தியர் பலர் நாடு நீங்கினர். அவ்வெற்றிடத்தை மலிவான உழைப்பால் நிரப்பும் உபாயமாகப் பயிற்சி மாறிவிடக் கூடாது. குறையைக் கண்டவருக்கு நேரடியாக நிபுணரிடம் அனுப்பும் உரிமை, செல்ல வாகனம், ஒட்சிசன் அளவு காட்டும் கருவி, தாய்க்கு விளக்கத்தக்க தமிழ்ச் சொல், உயர்ந்த பொறுப்புக்கேற்ற ஊதியம் ஆகியன உடன் வரல் வேண்டும். இவையின்றி அறிவை மட்டும் கொடுப்பது பழியைக் கொடுப்பதாகவே முடியும். தீட்டெனத் தள்ளப்பட்ட கைக்கு அறிவோடு அதிகாரமும் சேரும்போதே, தலைமன்னார்க் கரையிற் பிறக்கும் சிசுவும் தலைநகரிற் பிறக்கும் சிசுவும் சமமாகப் பிறந்தனவாகும்.