பிடி விட்ட செல்கள்

நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பம். 30 ஆண்டுகளில் தன் உறவில் 25 பேரை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தது. இறந்தவர்களில் இளையவருக்கு வயது 14. யாரோ இட்ட சாபம் என்ற பேச்சும் அந்தக் குடும்பத்துக்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே நோய், அதுவும் இளம் வயதில் வந்தால் வேறென்ன தோன்றும்?

ஆனால் அவர்கள் சாபத்தோடு நின்றுவிடவில்லை. 1990-களில் டனீடின் நகரில் உள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களைத் தேடிப் போனார்கள். குடும்பத்தாரும் ஆய்வாளர்களும் சேர்ந்தே உழைத்தார்கள். மரபியலாளர் பாரி கில்ஃபோர்டின் குழு 1998-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டது. சிடிஎச்1 என்ற ஒற்றை மரபணுவில் பிழை. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் ஈ-கேட்ஹெரின்.

இந்தப் புரத வகை வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு பரிசோதனைக் குளறுபடியால்தான். 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி மசாதோஷி தகேய்ச்சி, கியோட்டோவில் திசுக்களை ட்ரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்துச் செல்களைத் தனித்தனியாகப் பிரிப்பார். பிரிந்தவை சிறிது நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அதையே செய்து பார்த்தால், செல்கள் ஒட்ட மறுத்தன. குழம்பிப்போய்த் துருவிப் பார்த்தபோது, அங்கிருந்த ட்ரிப்சின் கரைசலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு ரசாயனம் கலந்திருந்தது தெரியவந்தது. கால்சியம் இருக்கும்வரை செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏதோ ஒன்று ட்ரிப்சினுக்குத் தப்பிப் பிழைக்கிறது. கால்சியம் போனால் ட்ரிப்சின் அதைத் தின்றுவிடுகிறது. அந்த 'ஏதோ ஒன்று'தான் கேட்ஹெரின். கரைசலில் கலந்திருந்ததைச் சந்தேகிக்காமல், தன் கைப்பிசகு என்று அவர் விட்டிருந்தால்?

தோல், குடல், மார்பகப் பால்குழாய் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஈ-கேட்ஹெரினை நீட்டி, பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைப் பற்றிக்கொள்கிறது. சிமென்ட் கலவை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். பொருந்தாது. கலவை காய்ந்தால் இறுகிவிடும். இது கைகோப்பு, வேண்டும்போது விடலாம்.

அந்த மாவோரிக் குடும்பத்தில் பலருக்கு இந்தக் கைகோப்புக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுது. வயிற்றின் உட்சுவரில் ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டுவிட்டால், அந்தச் செல்லின் பிடி விட்டுப்போகிறது. இந்த நோயில் கட்டி என்று கையில் தட்டுப்பட எதுவும் இருக்காது. செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, மேலே நல்ல படலம் போர்த்தியிருக்க, அடியில் சிதறிப் பரவுகின்றன. எண்டோஸ்கோபி எதையும் காணாமலே போய்விடலாம். இதே புரதத்தை இழந்த ஒருவகை மார்பகப் புற்றுநோயில், செல்கள் எறும்பு வரிசைபோல ஒற்றை வரிசையில் திசுவுக்குள் நுழைவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

பிடி விட்டால் மட்டும் போதாது, நடக்கவும் தெரிய வேண்டும். அந்த நடையைப் புற்றுநோய் புதிதாகக் கற்பதில்லை. கருவில் நாம் எல்லோரும் செய்ததுதான். கரு உருவாகும்போது செல்கள் வரிசையை விட்டு இறங்கி, தூரம் கடந்து, வேறிடத்தில் போய்க் குடியேறுகின்றன. அப்போது ஈ-கேட்ஹெரின் உற்பத்தியை நிறுத்தி வைக்கும் மேலாளர் புரதங்களில் ஸ்னெய்ல், ட்விஸ்ட் என்று இரண்டு. பழ ஈயின் கருவை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர்கள். வளர்ந்த உடலின் பெரும்பாலான செல்களில் இவை தூங்குகின்றன. ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஜிங் யாங் உள்ளிட்டோர் 2004-ல், எலியின் மார்பகப் புற்றுச் செல்களில் ட்விஸ்டை அடக்கிப் பார்த்தார்கள். மார்பில் கட்டி வழக்கம்போல வளர்ந்தது. நுரையீரலுக்குப் பரவுவதோ வெகுவாகக் குறைந்தது. வளர்வது ஒரு வேலை, பரவுவது இன்னொரு வேலை என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

நடை எப்படி? செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதம் இழைகளாகக் கோத்துக்கொண்டு முன்பக்கச் சவ்வைத் தள்ளுகிறது. இன்டெக்ரின் என்ற புரதங்கள் தரையைப் பற்றுகின்றன. பிறகு பின்பக்கம் சுருங்கி இழுபடுகிறது. முன்னே தள்ள ராக், பின்னே சுருக்க ரோ என இரண்டு சுவிட்சுகள். இவற்றின் வேலையை 1992-ல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் பிரித்துக் காட்டினர். வழியை அடைக்கும் திசு நாரை வெட்ட, எம்எம்பி எனப்படும் நொதிகளைச் செல் பயன்படுத்துகிறது.

வெட்டும் கத்தியைப் பிடுங்கிவிட்டால் பரவல் நிற்குமே! 1990-களில் மருந்து நிறுவனங்கள் அப்படித்தான் கணக்குப் போட்டன. மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் வந்தன. நோயாளிகளுக்கு மூட்டுவலியும் தசைவலியும்தான் மிச்சம். தோல்விக்கு, முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை பீட்டர் ஃப்ரீடலின் குழு 2003-ல் படம் பிடித்தது. நொதியைத் தடுத்ததும் புற்றுச் செல்கள் வெட்டுவதை விட்டுவிட்டு, அமீபாபோல உடலைக் குறுக்கி நார்களின் இடுக்கில் நுழைந்து போயின. 'புற்றுநோயைப் பரப்பும் புரதம் கண்டுபிடிப்பு' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் செல்கள்தான் ஞாபகம் வரும்.

ஈ-கேட்ஹெரினும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ யூவால்ட் குழுவைச் சேர்ந்த வீணா பத்மநாபன் முதலானோர், மிகப் பரவலான வகை மார்பகப் புற்றுக்கான மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கினார்கள். செல்கள் பிரிந்து அதிகமாக ஊடுருவின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் போன வழியில் பெரும்பாலும் மடிந்தன. தொலைவில் புதிய கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. ரத்தத்தில் அடித்துச் செல்லப்படும்போது பிழைத்திருக்க அந்தப் புரதம் தேவைப்பட்டது. வயிற்றில் காவலனாக இருப்பது இங்கே பயணத் துணையாகிவிட்டது. ஆக, அதைக் கூட்டும் மருந்து வேண்டுமா, குறைக்கும் மருந்து வேண்டுமா? எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மாவோரிக் குடும்பத்துக்கு அந்த மருந்துக்காகக் காத்திருக்க நேரமில்லை. ரத்தப் பரிசோதனையில் பிழை இருப்பது தெரிந்தவர்கள், நோயின் அறிகுறியே இல்லாதபோது, வயிறு முழுவதையும் அறுவை சிகிச்சையில் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். உணவுக்குழாயைக் குடலோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். எடுத்த வயிற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எண்டோஸ்கோபிக்கு எட்டாத புள்ளிப் புள்ளியான புற்றுகள் பலவற்றில் ஏற்கெனவே இருந்தன. வயிறு இல்லாமல் வாழலாம். ஒருவேளைச் சாப்பாட்டை நாலைந்தாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், பி12 ஊசி ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும், எடை குறையும். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது, பரிசோதனை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு வருகிறது.